கயிற்றுக்கடைக்காரர் வாங்கிய ரிக்கார்டுகள்

ராயபுரத்தில் டிராம் நிற்கிற இடத்துக்கு எதிரே எங்களுக்கு ஒரு ரிக்கார்டுக் கடை இருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு பேர் உள்ளே வந்தால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். முன்பாதியில் ரிக்கார்டுகள், ஊசி டப்பாக்கள், விற்பனைக்கு இரண்டு கிராமபோன் பெட்டிகள். பின்பாதியில் என் கணவர் பாட்டுப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்வார். அவருக்கு மைக் செட்டும் உண்டு. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று யாராவது கூப்பிட்டால் குழாய் ஒலிபெருக்கியைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். கடையைப் பார்ப்பது என் வேலை.

பெண்பிள்ளை கடையில் உட்காருகிறாளே என்று அந்தப் பேட்டையில் யாரும் வியக்கவில்லை. காலையில் கூடையோடு மீனுக்குப் போகிறவர்களும், தீப்பெட்டி ஃபேக்டரிக்கு ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் பெண்கள்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்திருந்ததால் எனக்கு எழுத்து அழகாக வரும். அந்த எழுத்தினால்தான் நான் சொல்லப்போகிற விஷயம் தொடங்கியது.

எங்கள் தெருமுனையில் ஓர் ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டு குடியிருந்தார். இங்கிலீஷ் நடன ரிக்கார்டு வந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை வந்து கேட்பார். பெரும்பாலும் இருக்காது. ஒருநாள் துறைமுகத்தில் கப்பல்காரன் ஒருவன் கொடுத்தான் என்று ஒரு அமெரிக்கப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். அதில் ஒரு பக்கம் முழுக்க எண் போட்டுப் பாட்டுகளின் பெயர்கள். அந்த தேசத்தில் எந்த ரிக்கார்டு அதிகமாக விற்கிறது என்று வாராவாரம் வரிசைப்படுத்தி அச்சடிப்பார்களாம். வருஷக் கடைசியில் மொத்தக் கணக்கும் போடுவார்களாம்.

“முதல் நம்பர் வந்தா இன்னா கெடைக்கும்?” என்று கேட்டேன்.

“ஒன்னும் கெடைக்காது. முதல் நம்பர்னு சொல்லுவான், அவ்ளோதான்” என்றார் கார்டு.

அவ்வளவுதான் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பொங்கல் கழிந்த சனிக்கிழமை, பழைய கரும்பலகை ஒன்றைத் துடைத்து, “இந்த வாரம் அதிகம் விற்ற ரிக்கார்டுகள்” என்று தலைப்பு எழுதி, கீழே ஐந்து பாட்டுகளை வரிசையாக எழுதிக் கடை வாசலில் மாட்டினேன். தேசம் முழுவதற்கும் கணக்கெடுக்க நமக்கு வழியேது. என் கடையில் விற்றதை நான் எழுதினேன். ஆனால் டிராமுக்கு நிற்கிறவர்கள் அதை மெட்ராஸ் ராஜதானிக்கே கணக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

அப்போது வீட்டில் கிராமபோன் வைத்திருப்பவர்கள் குறைவு. டீக்கடை, சலூன், மைக் செட்காரர்கள், வசதியான சில குடும்பங்கள், இவர்கள்தான் வாங்குவார்கள். வாரத்தில் ஒரே பாட்டு ஏழெட்டுத் தட்டு போனால் அது பெரிய விற்பனை. ஆனால் வாங்காதவர்களுக்குத்தான் போர்டின் மேல் அக்கறை அதிகம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலை முடிந்து வரும்போது நின்று படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் உரக்கப் படித்துக் காட்டுவார்கள். ஒரு நடிகரின் படப்பாட்டு மூன்றாவதிலிருந்து முதலுக்கு வந்தால் ஒரு கூட்டம் விசில் அடிக்கும். இன்னொரு கூட்டம் என்னிடம் சண்டைக்கு வரும்.

“அக்கா, ஒயுங்கா எண்ணினியா நீ?” என்பார்கள்.

“நீ வாங்கிக்கினு போ, உன் ஆளு மேல வருவாரு” என்பேன். வாயை மூடிக்கொண்டு டிராம் ஏறிவிடுவார்கள்.

நோன்பு மாதத்தில் வண்ணாரப்பேட்டைத் தோல் வியாபாரிகள் வந்து இஸ்லாமியப் பாட்டுத் தட்டு ஒன்றை ஆளாளுக்கு வாங்கினார்கள். அந்த மாதம் முழுக்க அது முதலிடத்தில் இருந்தது. ஆடி மாதம் அம்மன் பாட்டு ஏறியது. மற்றபடி சினிமாப் பாட்டுதான். இப்படி அரை வருஷம் போயிற்று.

ஆடி கழிந்து வந்த ஒரு பார்சலில் அந்தத் தட்டு இருந்தது. மவுண்ட் ரோடு கம்பெனியின் ஏஜென்ட் சனிக்கிழமைதோறும் பார்சல் கொண்டுவருவார். மெலிந்த மனிதர், பேச்சு நிதானமாக இருக்கும். “இது ஒரு காமிக். போகாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்” என்று நாலைந்து தட்டுகள் வைத்துவிட்டுப் போனார். லேபிளில் பாடியவரின் பெயர் இல்லை. “நகைச்சுவை, பெண் குரல்” என்று மட்டும் இருந்தது.

ஒன்றை எடுத்துப் போட்டுக் கேட்டேன். மீன்காரி ஒருத்தி டிராமில் ஏறுகிறாள். கூடை நாறுகிறது, இறங்கு என்கிறான் கண்டக்டர். அவள் இறங்க மாட்டேன் என்று பாட்டிலேயே வாதாடுகிறாள். பேச்சு அத்தனையும் எங்கள் பேட்டைப் பேச்சு. அதுவரை அந்தப் பேச்சு ரிக்கார்டில் வந்தால் அது ஆளைச் சிரிக்க வைப்பதற்கான கோமாளியின் பேச்சாகத்தான் வரும். இதில் கண்டக்டர்தான் கோமாளி. மீன்காரி ஜெயிக்கிறாள். கடைசியில் கண்டக்டரே கூடையைத் தூக்கி விடுகிறான். நடுவில் அவள் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மூக்கில் முட்டி, விட்டு விட்டு வரும் சிரிப்பு. சொல்லிக்கொடுத்துச் சிரிக்கிற சிரிப்பாகத் தெரியவில்லை.

அந்தச் சிரிப்பு தெருவில் கேட்டபோது வாசலோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்றார். எனக்குத் தெரிந்தவர்தான். கல்மண்டபம் பக்கம் கப்பல்களுக்குக் கயிறும் தாரும் விற்கிற கடை வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். காசிமேட்டில் வலை பின்னுகிற குடும்பத்தில் பிறந்து, கயிறு வியாபாரத்தில் மேலே வந்தவர் என்று சொல்லுவார்கள். வெள்ளை ஜிப்பா போட்டிருந்தாலும் கையில் தார்க்கறை போகாது. பாட்டு முடியும் வரை குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, “இந்த பிளேட்டு எத்தினி கீது?” என்று கேட்டார்.

சொன்னேன்.

“அல்லாத்தயும் குடு.”

“அல்லாமா? இன்னாத்துக்கு அண்ணாத்தே?”

“கப்பல்காரங்களுக்கு. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போறவன் கேக்கறான். நம்ம பாஷைய கேக்காம ஏங்கிக் கெடக்கறானுங்க.”

நம்பக்கூடிய பதில். பெட்டியில் மாட்டியிருந்த ஒன்றை மட்டும் போட்டுக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டேன். அதையும் கேட்டார். தர மாட்டேன் என்றேன். அந்த வாரப் போர்டில் அது இரண்டாவது.

அடுத்த சனிக்கிழமை ஏஜென்ட் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கொண்டுவந்தார். அவர் போய்ச் சற்று நேரத்திலெல்லாம் கயிற்றுக்கடைக்காரர் வந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டார். போர்டில் அது முதலிடத்துக்கு வந்தது. அவர் சுண்ணாம்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டே, “இத்த எழுதித்தான் ஆவணுமா?” என்றார்.

“விக்கிறத எழுதறேன், அண்ணாத்தே.”

அவர் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

யாரும் கேட்டிராத ஒரு பாட்டு முதலிடத்துக்கு வந்ததில் டிராம் ஸ்டாப்பே குழம்பிப்போயிற்று. “இன்னாக்கா இது, எந்தப் படம்?” என்று கேட்டார்கள். படமில்லை என்றால் நம்பவில்லை. என்னிடம் இருந்த ஒரே தட்டைப் போட்டுக் காட்டினேன். மூட்டை தூக்குகிற ஒருவர் தலைக்கட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, “ஷோக்கா கீதுக்கா, இன்னொரு தபா போடு” என்றார். அன்றைக்கு நான் அதை எத்தனை முறை போட்டேனோ தெரியாது. மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். அவர்களில் ஒருத்தி கண்டக்டர் பேசுகிற இடத்திலெல்லாம் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். என் கணவர் அந்தத் தட்டைக் கடன் வாங்கிக்கொண்டு போய்த் தண்டையார்பேட்டைக் கல்யாணம் ஒன்றில் போட்டார். மறுநாள் அங்கிருந்து இரண்டு பேர் தட்டு கேட்டு வந்தார்கள். எண்ணூரிலிருந்து ஒரு டீக்கடைக்காரர் சைக்கிளில் வந்தார்.

கொடுக்கத்தான் தட்டு இல்லை. கயிற்றுக்கடைக்காரர் முந்திக்கொண்டார். பிறகு நான் பழகினவர்களுக்காகச் சிலவற்றை மேஜைக்கடியில் ஒளித்து வைக்கத் தொடங்கினேன். கிடைக்காத பொருளுக்கு மதிப்பு ஏறும் என்பார்கள். தட்டு கிடைக்காதவர்கள் வாரம் ஒருமுறை வந்து கேட்டார்கள். கேட்கிறவர்களைப் பார்த்து மற்றவர்கள் கேட்டார்கள். ஐப்பசி மழையில் டிராம் தண்ணீரில் நின்றுபோன நாட்களில்கூட அந்தத் தட்டு போர்டின் உச்சியிலிருந்து இறங்கவில்லை.

கம்பெனிக்கு இது ஆச்சரியம். மவுண்ட் ரோட்டிலும் மயிலாப்பூரிலும் அசையாத தட்டு ராயபுரத்தில் மட்டும் எப்படிப் போகிறது என்று ஏஜென்ட் கேட்டார். “எங்க பாஷை” என்றேன். அந்தப் பதிலையே அவர் மேலே சொல்லியிருக்க வேண்டும். கார்த்திகை மாதம் வந்து, “பாடின அம்மாளை ஒரு சனிக்கிழமை உங்கள் கடைக்கே அழைத்து வருகிறோம். ஜனங்கள் பார்க்கட்டும். அடுத்த தட்டுக்கும் உதவியாக இருக்கும்” என்றார்.

விஷயம் அரைநாளில் பரவிவிட்டது. என் கணவர் வாசலில் சவுக்குக் கம்பு நட்டுக் குழாய் கட்டினார். கயிற்றுக்கடைக்காரருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அல்லது சொன்னவர்கள், பாட்டுக்காரி வருகிறாள் என்று சொல்லியிருப்பார்கள். எந்தப் பாட்டுக்காரி என்று அவர் கேட்டிருக்க மாட்டார்.

அந்த அம்மாள் வாடகைக் காரில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். நல்ல கருப்பு, நெற்றி நிறையப் பொட்டு, கைத்தறிப் புடவை. நாடகக் கம்பெனியில் ஊர் ஊராகச் சுற்றியவர் என்பது நடையில் தெரிந்தது. கூட்டத்தைப் பார்த்துக் கூசவில்லை. முதல் வேலையாகப் போர்டின் முன் போய் நின்றார். விரலால் தொடப்போனவர், சுண்ணாம்பு அழிந்துவிடுமே என்று கையை இழுத்துக்கொண்டார்.

“நெசமாவே இதான் மேல கீதா?” என்று என்னைக் கேட்டார்.

“நாலு மாசமா” என்றேன்.

மைக்கைக் கையில் வாங்கி, “அல்லாருக்கும் வணக்கம். நானும் இந்தப் பக்கத்துப் பொண்ணுதான்” என்றார். விசில் பறந்தது. எந்தத் தெரு என்று யாரோ கேட்டார்கள். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் கயிற்றுக்கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சனிக்கிழமைப் பார்சலுக்கு வந்தவர். எனக்கு ஒன்றும் தெரியாது. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன். “இதோ வந்துட்டாரு. இவருதாம்மா உன் பாட்ட அவ்ளோ வாங்கறவரு. வாராவாரம் அல்லாத்தயும் வாங்கி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் அனுப்பறாரு. இவரு இல்லன்னா நீ இந்தப் போர்டுக்கே வந்திருக்க மாட்டே.”

அந்த அம்மாள் திரும்பினார். மைக் அவர் கையிலேயே இருந்தது. ஆகையால் அவர் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது.

“அண்ணே.”

நாங்கள் யாரையும் அண்ணே, அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் இது அந்த அண்ணே இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. என் கணவர் ஆம்பிளிஃபயரின் விசையை அணைத்தார்; நல்ல காரியம் செய்தார்.

“நீயாண்ணே வாங்கினே? எனக்குத் தெரியாதேண்ணே. செத்துட்டேன்னு நெனச்சு நீ தல முழுகிட்டேன்னு சொன்னாங்களே…” அந்த அம்மாள் அவருடைய கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையிலிருந்த தார்க்கறை அவர் கன்னத்தில் பட்டதோ என்னவோ, எனக்கு ஞாபகமில்லை. கயிற்றுக்கடைக்காரர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. குடை கீழே விழுந்து கிடந்தது. என் முகத்தைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். கடைசியில், “நல்லா கீறியா?” என்று மட்டும் கேட்டார்.

“கீறேண்ணே. வூட்ல அண்ணி, கொயந்த?”

“கொயந்தைக்குத் தையில கல்யாணம்.”

“நான் வரேண்ணே. வரலாமா?”

கூட்டம் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. “வா” என்றார். அன்றைக்குத் தட்டு வாங்காமலே போய்விட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம், தெருவில் ஆளில்லாத நேரம் பார்த்து வந்தார். ஸ்டூலில் குந்தினார். தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

“ரங்கூனும் இல்ல, பினாங்கும் இல்லம்மா. அல்லாம் என் குடோன்ல கீது” என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். அந்த அம்மாள் அவருக்கு ஒரே தங்கை. தாய் தகப்பன் போன பிறகு இவர்தான் வளர்த்தார். இருபது வயதில் நாடகக் கம்பெனியின் ஆர்மோனியக்காரனோடு போய்விட்டாள். இவர் தலை முழுகினார். இப்போது மகளுக்குத் திருவொற்றியூரில் ஒரு கான்ட்ராக்டர் வீட்டில் சம்பந்தம் பேசியிருந்தது. கௌரவமான இடம். பெண்ணின் அத்தை கடலோடு போய்விட்டாள் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில்தான் எங்கள் கடை வாசலில் அந்தக் குரல்.

“பாட்டு கேட்டப்போ தெரில. அந்தச் சிரிப்பு வந்துச்சு பாரு, அப்பதான் கண்டுகினேன். அது எங்கம்மா சிரிப்பு. எங்க குடும்பத்துல மூணு பேரு அப்டித்தான் சிரிப்பாங்க. என் பொண்ணும் அப்டித்தான் சிரிக்கும். சம்பந்தி வூட்ல கேட்டா போதும், ரெண்டும் ஒரே ரத்தம்னு பச்சப்புள்ளகூட சொல்லிடும். அதான், வெளிய போவாம அல்லாத்தயும் வாங்கிடலாம்னு பாத்தேன். மொதல்ல வாங்கினத கடப்பாரையில போட்டு ஒடச்சேன். அப்பால ஒடைக்க கை வரல. கயிறு மூட்டைக்கு அடியில அடுக்கி வெச்சுக்கீறேன்.”

“நீங்க வாங்க வாங்கத்தான் அண்ணாத்தே அது மேல போச்சு” என்றேன். “மேல போனதால அல்லாரும் கேட்டாங்க. நீங்க சும்மா வுட்டிருந்தா ஏஜென்ட்டு திருப்பி எடுத்துக்கினு போயிருப்பாரு. ஒரு ஈ காக்கா கேட்டிருக்காது.”

அவர் திரும்பிப் போர்டைப் பார்த்தார். இந்தக் கணக்கு அவருக்குத் தோன்றவேயில்லை என்பது முகத்தில் தெரிந்தது. டன் கணக்கில் கயிறு வாங்கி விற்கிற வியாபாரி. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

“இப்ப இன்னா செய்யறது? பாசத்துல வாங்கினேன்னு தங்கச்சி நெனச்சுகினு கீது. கல்யாணத்துக்கும் வரேன்றது.”

“வர வேணாம்னு சொல்லிடுங்களேன்.”

“அத்த சொல்ல வாய் வரல” என்று எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். போகும்போது திரும்பி, “நீ யாராண்டயும் சொல்லாத” என்றார். நான் என் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டே, “பாவம், வூடு பத்திக்கும்னு பயந்து எண்ணெய ஊத்தி அணைச்சிருக்காரு” என்றார்.

பொங்கலன்று வருஷக் கணக்கைப் போர்டில் எழுதினேன். மீன்காரி தட்டுதான் முதல். விற்றது விற்றதுதானே. கார்டு வந்து பார்த்து, அமெரிக்காவில் எழுதுவதுபோலவே இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, தன்னுடைய நடனத் தட்டு வந்திருக்கிறதா என்று கேட்டார்.

தை மாதக் கல்யாணத்துக்கு மைக் செட் எங்களுடையது. கயிற்றுக்கடைக்காரர் முன்பே வந்து, எந்தப் பாட்டு வேண்டுமானாலும் போடு, அதை மட்டும் போடாதே என்று என் கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பந்தலில் இளவட்டங்கள் அதைத்தான் கேட்டார்கள். தட்டு உடைந்துவிட்டது என்று என் கணவர் சமாளித்தார். நானும் போயிருந்தேன். அந்த அம்மாள் பட்டுப் புடவையில் வந்து, அண்ணியோடு சமையல் கொட்டகையில் நின்று வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் சிலர் அவர் பக்கமே பார்க்கவில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மணப்பெண் மட்டும் மாலையும் கழுத்துமாக இருந்துகொண்டு அத்தையையே எட்டி எட்டிப் பார்த்தாள்.

தாலி கட்டி முடிந்து சம்பந்திகளுக்குத் தாம்பூலம் கொடுக்கிற நேரம். தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு அந்த அம்மாள்தான் முன்னால் போனார். மாப்பிள்ளையின் தகப்பனார், அந்தக் கான்ட்ராக்டர், இது யார் என்று பார்த்தார்.

“நான் பொண்ணுக்கு அத்தைங்க. நாடகத்துல இருந்தேன், பாட்டுப் பாடி பிளேட்டு குடுத்திருக்கேன். பதினஞ்சு வருஷமா அண்ணன் மூஞ்சிய பாக்கல. ஆனா அவரு எனக்குத் தெரியாமலே என் பாட்ட கப்பல் கப்பலா வாங்கி அனுப்பிக்கினு இருந்தாருங்க. அந்த மாதிரி மனுஷன் வூட்ல நீங்க பொண்ணு எடுத்துக்கீறீங்க.” இவ்வளவையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நாடகத்தில் இருந்தவர்களுக்கு மெதுவாகப் பேச வராது.

கயிற்றுக்கடைக்காரர் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காட்சி எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அவர் பயந்தது எதுவோ அதுவே நடந்துவிட்டது. அதுவும் அவரைப் புகழ்ந்தபடியே நடந்துவிட்டது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வெளியேறினார். பின்னால் ஒருவர் சமாதானம் செய்யப் போனார். அவர் திரும்பவில்லை.

கான்ட்ராக்டர், கடலோடு போன அத்தை எப்படி வந்தாள் என்று கேளாமல், தாம்பூலத்தை வாங்கிக்கொண்டார். “எந்தப் பாட்டும்மா?” என்று கேட்டார். டிராம் மீன்காரி பாட்டு என்று யாரோ சொன்னார்கள். “அதானா? நானும் அலைஞ்சேன், எங்கயும் கெடைக்கல. கடைசியில எண்ணூர்ல ஒரு டீக்கடைக்காரன்கிட்ட அதிகமா குடுத்து வாங்கினேன்” என்றவர், சம்பந்தியைப் பார்த்து, “இன்னா சம்பந்தி, அவ்ளோத்தயும் கப்பல்ல ஏத்தினா உள்ளூர்க்காரன் எங்க போறது?” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கயிற்றுக்கடைக்காரரும் சிரிக்கத்தான் முயன்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெண்ணுக்குப் புக்ககத்தில் கொஞ்ச காலம் அத்தையைச் சொல்லிக் குத்திக்காட்டுகிற பேச்சு இருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். குழந்தை பிறந்ததும் நின்றுபோயிற்றாம். சாப்பிடாமல் போன மாமா கடைசி வரை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மாசி முடிகிற சமயம், ஒரு காலையில் ரிக்‌ஷா ஒன்று கடை முன் வந்து நின்றது. அந்த அம்மாள் இறங்கினார். காலடியில் இரண்டு சாக்கு மூட்டைகள். ரிக்‌ஷாக்காரர் அவற்றைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி உள்ளே வைத்தார். திறந்து பார்த்தேன். எல்லாம் அந்தத் தட்டு. காகித உறைகளில் தார் வாடை அடித்தது.

“அண்ணன் குடோனுக்கு இட்டுகினு போயி காட்டினாரு” என்றார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. “அல்லாத்தயும் சொன்னாரு. மனசுல வெச்சுக்கினு இருக்க முடிலயாம். ஒடச்ச துண்டுங்களக்கூட ஒரு மூலைல வெச்சிருந்தாரு.”

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

“கோவமா கீதா?” என்று கேட்டேன்.

“ரெண்டு நாளு சோறு எறங்கல. அப்பால அண்ணி வந்து இஸ்துகினு போயி சோறு போட்டாங்க. அவரு எதிர்ல குந்தினு நானு துன்றதையே பாத்துகினு இருந்தாரு. இன்னா பண்றது, போ.” ஒரு மூட்டையைத் தொட்டுக் காட்டினார். “இத்தயெல்லாம் வித்துக் குடு. கேட்டுகினு கீறாங்கன்னியே.”

விற்றுத் தருகிறேன் என்றேன். விற்றும் கொடுத்தேன். காசிமேட்டிலும் எண்ணூரிலும் அந்தத் தட்டு வைத்திருந்தவர்கள் வெகுநாள் வரைக்கும், கப்பலில் போய்த் திரும்பி வந்த தட்டு, அதனால்தான் தார் வாடை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்த அம்மாள் வந்தது அதற்காக மட்டுமில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, “உன்ன ஒண்ணு கேக்கணும். நெசத்த சொல்லணும்” என்றார். “அண்ணன் வாங்கினதயெல்லாம் கயிச்சுட்டு, மத்தவங்க வாங்கினது மட்டும் எண்ணினா, போன வருஷம் என் பாட்டு எத்தினாவது?”

கம்பெனி அவருக்கு ஒரே தடவையாகக் கூலி கொடுத்து முடித்திருந்தது. இரண்டாவது தட்டு போட்டு, அது எங்கள் கடையிலேயே சரியாகப் போகவில்லை. முதலிடத்தால் இனி அவருக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. இருந்தும் கேட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. விற்பனை நோட்டையும் பென்சிலையும் எடுத்து, கயிற்றுக்கடைக்காரர் எடுத்துப்போன தட்டுகளைக் கழித்து, மற்றவற்றோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்த்தேன்.

“மூணாவது” என்றேன்.

“மூணாவதா?”

“ஆமா. மேஜைக்கடியில ஒளிச்சு வெச்சு வித்தது, எண்ணூர்க்காரங்க வாங்கினது, மைக் செட்காரங்க வாங்கினது, அல்லாம் சேத்து. அதுல உங்க அண்ணன் வாங்கினது ஒண்ணுகூட இல்ல.”

“பெரிய பெரிய ஆளுங்க பாடின படப்பாட்டுக்கு நடுவுல, மூணாவது” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “செரி. அப்போ மொதலு, ரெண்டாவது எது? போடு, கேக்கறேன்.”

போட்டேன். ஒவ்வொன்றையும் ஊசி உள்வட்டத்தில் போய்ச் சுற்றும் வரை அசையாமல் கேட்டார். வாசலில் ஒரு டிராம் மணியடித்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. முதல் தட்டு முடிந்ததும், “இது நல்லாத்தான் கீது. மேல மூச்சு முட்டாம போறான் பாரு” என்றார். இரண்டாவது முடிந்ததும் தட்டைக் கையில் வாங்கி லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எப்டி என்னத் தாண்டிச்சுன்னுதான் தெரில” என்றார். “இன்னொரு தபா போடு.”